அம்மாவின் பிரஷர் மாத்திரைப் பெட்டி: 14 மாதப் பயன்பாட்டுக்குப் பின்

கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில் ஒரு மருந்துக்கடையில் 160 ரூபாய் கொடுத்து வாங்கிய வாராந்திர மாத்திரைப் பெட்டியை 14 மாதங்களாக எங்கள் வீட்டில் பயன்படுத்தி வருகிறோம். பள்ளிப் பிள்ளைகளின் ஜியாமெட்ரி பாக்ஸைவிடச் சற்று நீளமான, நீல நிற பிளாஸ்டிக் பெட்டி அது. வாரத்தின் 7 நாள்களுக்கும் காலைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று 14 அறைகள் இருக்கின்றன; ஒவ்வொரு அறைக்கும் தனி மூடி உண்டு. சனிக்கிழமை இரவில் வாரம் முழுமைக்கும் மாத்திரைகளை நிரப்பி வைத்துவிட்டால், அன்றன்றைக்கு உரிய மூடியைத் திறந்து எடுத்துக்கொள்ளலாம். பேட்டரி கிடையாது, மணி அடிக்காது, கைப்பேசியோடு இணையாது. இருந்தும் அம்மாவின் ரத்த அழுத்தம் ஏன் குறையவில்லை என்ற கேள்விக்கு இரண்டே வாரத்தில் விடை காட்டியது இந்தப் பெட்டிதான் என்பதால், இதன் நிறைகளையும் குறைகளையும் விவரமாகவே எழுத விரும்புகிறேன்.

எங்கள் பகுதியில் பெரியவர்கள் மாத்திரையைக் குளிகை என்பார்கள்; உயர் ரத்த அழுத்தத்துக்குப் பிரஷர் என்பதுதான் பெயர். பிரஷருக்குக் குளிகை தின்னும் ஒருவராவது இல்லாத வீடு எங்கள் தெருவில் குறைவு. குளிகை கிடைப்பதும் இப்போது கடினமில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கொடுக்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலர்கள் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். ஆனால் கைக்கு வந்த குளிகை வாய்க்குள் போவது வேறு விஷயம். நீண்டகால நோய்களுக்கு மருந்து உட்கொள்வோரில், வளர்ந்த நாடுகளிலேயே சராசரியாகப் பாதிப்பேர்தான் சொன்னபடி உட்கொள்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-ஆம் ஆண்டின் அறிக்கையிலேயே கூறியது. என் அப்பா மற்றப் பாதியில் ஒருவர். ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளியாக இருந்தவர், விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மலையேறிவிடுவார். தலைவலியும் இல்லை, கிறுகிறுப்பும் இல்லை, பிறகு எதற்கு மருந்து என்று மூன்றே மாதத்தில் நிறுத்திக்கொண்டார். பக்கவாதம் வந்து வலது கை விழுந்த பிறகுதான், உடம்பில் ஒன்றும் தெரியாமல் இருப்பதே இந்த நோயின் இயல்பு என்பது எங்கள் குடும்பத்துக்குப் புரிந்தது. ஆகவே அம்மாவுக்குப் பிரஷர் என்று தெரிந்த நாள் முதல் நான் விழிப்பாகவே இருந்தேன், அல்லது இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெட்டியின் முதல் குறை அதன் மூடிகளில் இருக்கும் எழுத்து. கிழமைகளின் பெயர்களை ஆங்கில முதலெழுத்தால் மட்டும் அச்சிட்டிருக்கிறார்கள். அதில் சனிக்கும் ஞாயிற்றுக்கும் ஒரே ‘எஸ்’; செவ்வாய்க்கும் வியாழனுக்கும் ஒரே ‘டி’. ஆங்கிலம் அறிந்தவரே தடுமாறும்போது, 67 வயதில் தமிழ் மட்டும் வாசிக்கும் அம்மா என்ன செய்வார்? ஞா, தி, செ, பு, வி, வெ, ச என்று தமிழில் எழுதினால் ஏழும் வேறுவேறாக வருகின்றன. வெள்ளைத் தாளில் எழுதி, மேலே செல்லோடேப் ஒட்டிக்கொண்டோம். தமிழ்நாட்டுக் கடைகளில் விற்கும் பொருளுக்கு இந்த ஏழு எழுத்துகளை அச்சிடுவது உற்பத்தியாளருக்குப் பெரிய செலவாக இருக்க முடியாது; மருந்து மாறிப்போவதற்கு வழி செய்யும் குறை என்பதால் இதைச் சிறியதென்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

இனி இந்தப் பெட்டியால் கிடைத்த பெரிய பயனைச் சொல்கிறேன். அம்மாவுக்குக் காலையில் பிரஷருக்கு டெல்மிசார்ட்டான் 40 மில்லிகிராம் ஒன்று, அம்லோடிபின் 5 மில்லிகிராம் ஒன்று. இரவில் கொழுப்புக்கு ஒரு மாத்திரை. பெட்டி வாங்குவதற்கு முந்தைய பரிசோதனையில் அளவு 166/94 என்று இருந்தது. அதற்கு முந்தைய முறையும் ஏறக்குறைய அப்படியே. மருந்து ஒழுங்காக உட்கொள்கிறீர்களா என்று மருத்துவர் கேட்டபோது, ‘ஆமா சார்’ என்று அம்மா சொன்னார்; நானும் தலையசைத்தேன். அடுத்த முறையும் இப்படியே இருந்தால் மூன்றாவதாக ஒரு மருந்து சேர்க்க வேண்டியிருக்கும் என்று அவர் சீட்டில் குறித்துக்கொண்டார்.

பெட்டி வந்த முதல் சனிக்கிழமை இரவு, அடுத்த வாரத்துக்கு நிரப்புவதற்காகத் திறந்தேன். இரவு வரிசை முழுதும் காலி. காலை வரிசையில் ஞாயிறு, செவ்வாய், வெள்ளி ஆகிய மூன்று அறைகளிலும் இரண்டிரண்டு மாத்திரைகள் வைத்தது வைத்தபடி கிடந்தன. மறதியாக இருக்கும் என்று எண்ணி, எதுவும் சொல்லாமல் நிரப்பினேன். இரண்டாவது சனிக்கிழமையும் அதே மூன்று கிழமைகள், அதே ஆறு மாத்திரைகள். மறதி இப்படிக் கிழமை பார்த்து வராது என்று தோன்றியது. பெட்டியைத் திறந்தபடியே கைப்பேசியில் படம் எடுத்துவிட்டு அம்மாவிடம் கேட்டேன்.

‘மக்களே, ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போயிட்டு வந்துதானே வல்லதும் தின்னுவேன். செவ்வாய்க்கெழம பெண்கள் ஐக்கியம். வெள்ளிக்கெழம உபவாச ஜெபம். வெறும் வயித்துல குளிகை தின்னப்பிடாதுன்னு வச்சிருப்பேன். பிறகு ஓர்மை இல்லாமப் போவும்’ என்றார்.

அம்மாவின் பேச்சில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. மாத்திரை என்றால் சாப்பாட்டுக்குப் பிறகு என்பது அவர் வாழ்நாள் முழுவதும் கேட்ட விதி. அந்த விதியை மீறக்கூடாது என்ற கவனத்தாலேயே வாரத்தில் மூன்று நாள் மருந்து தவறிக்கொண்டிருந்தது. 7 நாளில் 4 நாள் என்றால் நூற்றுக்கு 57. மருந்தை ஒழுங்காக உட்கொள்கிறார் என்று கொள்வதற்கு ஆய்வாளர்கள் பொதுவாக வைக்கும் எல்லை நூற்றுக்கு 80, அதாவது 30 நாளில் 24 நாள். அம்மா அந்த எல்லைக்கு வெகு கீழே இருந்தார், அது அவருக்கும் தெரியாது, பக்கத்திலேயே இருந்த எனக்கும் தெரியாது. மாத்திரை அட்டையில் எடுத்து உண்ணும்போது மிச்சம் இருப்பது மிச்சமாகத்தான் தெரியும். எந்த நாளின் மிச்சம் என்று அட்டை சொல்லாது. பெட்டி சொல்லியது. இதற்காக மட்டுமே 160 ரூபாய் தகும் என்பது என் கருத்து.

அந்தப் படத்தை மருத்துவரிடம் காட்டினோம். அவர் மூன்றாவது மருந்தைச் சேர்க்கவில்லை. இந்த இரண்டு மாத்திரைகளையும் சாப்பாட்டுக்கு முன்பும் உட்கொள்ளலாம், பின்பும் உட்கொள்ளலாம், வெறும் வயிறு என்பதால் கெடுதல் இல்லை என்று விளக்கினார். அதன் பிறகும் அம்மாவின் முகத்தில் தயக்கம் தெரிந்ததால், அவற்றை இரவுக்கு மாற்றிவிடுவோமா என்று அவரே கேட்டார். காலையில் உட்கொண்டால்தான் பலன் என்பது பலரும் நம்பும் செய்தி. மாலைதான் சிறந்தது என்ற பேச்சும் இடையில் பரவியது. பிரிட்டனில் 21,104 பேரை இரு பிரிவாகப் பிரித்து ஆண்டுக்கணக்கில் கவனித்து, 2022-இல் முடிவு வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றைத் தடுப்பதில் காலைக்கும் மாலைக்கும் வேறுபாடு காணப்படவில்லை. விட்டுப்போகாத நேரம் எதுவோ அதுவே அவரவர்க்கு உகந்த நேரம். சிறுநீரைப் பிரிக்கும் வகை மருந்து உட்கொள்பவர்கள் இரவில் எழுந்து நடக்க வேண்டியிருக்கும் என்பதால், இந்த மாற்றத்தை மருத்துவரைக் கேட்காமல் தாமாகச் செய்யக்கூடாது. அம்மாவுக்கு அந்த வகை இல்லை. எட்டு மணிக்குக் கஞ்சி குடித்ததும் இரவு அறையைத் திறப்பது என்று முடிவாயிற்று.

ஆறு வாரம் கழித்து வீட்டிலேயே அளந்தபோது மேல் அளவு 130-க்கும் 136-க்கும் நடுவில் நின்றது. வீட்டில் அளக்கும்போது 135/85-க்குக் கீழே இருப்பது நல்லது என்பார்கள். வேறு எந்த மருந்தும் சேர்க்கவில்லை, அளவும் கூட்டவில்லை. பெட்டி இல்லாமல் இருந்திருந்தால், தேவையில்லாத ஒரு மருந்தை அம்மா வாரத்தில் நாலு நாள் உட்கொண்டு, மூன்று நாள் விட்டுக்கொண்டிருப்பார். பரிசோதனைக்குப் போகும் வாரத்தில் மட்டும் எல்லாவற்றையும் ஒழுங்காக விழுங்கிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அவர்கள் விஷயத்தில் அளவு நன்றாகத் தெரிந்து, உண்மை வேறு திசையில் மறைந்துவிடுகிறது.

அடுத்து மழை. எங்கள் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஜூன் மாதம் சாரல் பிடித்துவிட்டால் உப்பு ஜாடியில் உப்பு நீராகும், அப்பளம் நமத்துப்போகும், அலமாரியில் மடித்து வைத்த வேட்டியில் வாடை அடிக்கும். அப்படிப்பட்ட ஒரு வாரத்தில், வியாழக்கிழமை அறையைத் திறந்த அம்மா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். டெல்மிசார்ட்டான் மாத்திரை ஓரம் உப்பி, விரலால் தொட்டால் சுண்ணாம்புபோல் ஒட்டியது. அறையின் அடியில் வெள்ளையாக ஒரு வட்டம் பதிந்திருந்தது. அருகிலேயே இருந்த அம்லோடிபினுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டையும் எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனேன். அங்கிருந்த மருந்தாளுநர், டெல்மிசார்ட்டான் காற்றின் ஈரத்தை எளிதில் இழுத்துக்கொள்ளும் மருந்து, அதனால்தான் அதை இருபுறமும் அலுமினியத் தாளால் மூடிய அட்டையில் அடைக்கிறார்கள், உண்ணும் நேரத்தில்தான் பிரிக்க வேண்டும் என்று விளக்கினார். பெட்டியை விற்ற கடையில் இதை யாரும் சொல்லவில்லை. பெட்டியோடு வந்த தாளிலும் ஒரு வரி இல்லை.

அதன்பின் நாங்கள் செய்வது இது. அட்டையைக் கத்தரிக்கோலால் ஒவ்வொரு மாத்திரையாக வெட்டி, தாளோடேயே அறையில் வைக்கிறோம். வெட்டிய மூலைகள் கூராக இருக்கும். அவற்றை மழுக்கிவிட வேண்டும். காலாவதித் தேதி அச்சிட்ட பகுதியைக் கடைசியாகத்தான் வெட்ட வேண்டும், இல்லையென்றால் மிச்சம் இருக்கும் மாத்திரைகளின் தேதியே தெரியாமல் போகும். இந்த முறையைக் கண்பார்வை குறைந்தவர்களுக்கும் நினைவு தடுமாறுபவர்களுக்கும் நான் சொல்ல மாட்டேன். தாளோடு சேர்த்து விழுங்கிவிட்டால் உணவுக்குழாயைக் கிழித்துவிடும் ஆபத்து உண்டு. அம்மாவுக்குக் கண் தெளிவு, விரலில் பலமும் இருக்கிறது. பிரிப்பதில் அவருக்குச் சிரமம் இல்லை. அப்படி இல்லாதவர்களுக்கு, வீட்டில் இருக்கும் ஒருவர் அன்றன்றைக்குப் பிரித்துக் கொடுப்பதே சரி. வெளிச்சம் பட்டால் கெடும் மருந்துகளும் உண்டு, பிரஷருக்குக் கொடுக்கும் நிஃபெடிபின் அவற்றில் ஒன்று. இந்தப் பெட்டியின் மூடிகள் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் என்பதால் அவற்றைத் தாள் நீக்கி இதில் வைப்பதும் கூடாது. வாங்குவதற்கு முன் தம் மாத்திரைகளில் எதைத் தாளிலிருந்து பிரிக்கலாம், எதைப் பிரிக்கக்கூடாது என்று மருந்தாளுநரிடம் ஒரு முறை கேட்டுக்கொள்வது நல்லது. மழை மாவட்டத்தில் இருக்கும் நாம் கட்டாயம் கேட்க வேண்டும்.

தரத்தைப் பொறுத்தவரை, மூடிகள் தொடக்கத்தில் மிக இறுக்கமாக இருந்தன. நகத்தைக் கொடுத்து நெம்ப வேண்டியிருந்தது. மூட்டுவலி உள்ளவர்களுக்கு இது துன்பம். பத்து மாதத்துக்குப் பிறகு இரண்டு மூடிகள் எதிர்மாறாகத் தளர்ந்து, பையில் போட்டால் தானாகத் திறந்துகொண்டன. 14-ஆவது மாதத்தில் புதன்கிழமையின் கீல் உடைந்தது. பிள்ளைகள் திறக்க முடியாதபடி எந்தப் பூட்டும் இதில் இல்லை என்பதை இவற்றைவிடக் கவலையோடு சொல்கிறேன். நிறமும் வடிவமும் மிட்டாய்ப் பெட்டிபோல் இருக்கின்றன. விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வந்தால், பெட்டி சமையலறை மேல்தட்டுக்குப் போய்விடும். பிரஷர் மாத்திரை ஒன்றிரண்டைச் சிறு குழந்தை விழுங்கினாலும் உயிருக்கே ஆபத்தாகலாம்.

எங்கள் அனுபவத்தைக் கேட்டு, பக்கத்து வீட்டு அக்காவும் இதே பெட்டியை வாங்கினார். அவர் வீட்டில் ஒவ்வொரு சனிக்கிழமையும் எல்லா அறைகளும் காலியாகவே இருந்தன. அளவு மட்டும் இறங்கவில்லை. இரண்டு மாதம் கழித்து, மாத்திரையை எடுத்துச் செம்பருத்திச் செடிக்கடியில் போட்டுக்கொண்டிருந்ததை அவரே என்னிடம் சொன்னார்.

‘இதத் தின்னா காலு ரெண்டும் நீர் கோத்து வீங்குது. கிட்னியும் போயிரும்னு எல்லாரும் சொல்லுகாவ. மவனுட்ட சொன்னா ஏசுவான்.’

அக்கா சொன்ன வீக்கம் கற்பனை அல்ல. அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலில் வீக்கத்தை உண்டாக்குவது நன்கு அறியப்பட்ட பக்கவிளைவு. மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், அல்லது வேறு மருந்துக்கு மாற்றுவார். எனலாப்ரில் என்ற பிரஷர் மருந்தின் வகையில் சிலருக்கு வறட்டு இருமல் வருவதும் அப்படித்தான். சிறுநீரகத்தைப் பற்றிய பயம்தான் தலைகீழானது. கட்டுப்படாத ரத்த அழுத்தமே சிறுநீரகத்தைக் கெடுக்கும் முக்கியக் காரணங்களில் ஒன்று. டெல்மிசார்ட்டான் சேர்ந்த வகையின் மருந்துகளைச் சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரகத்தைக் காப்பதற்கென்றே கொடுக்கிறார்கள், இடையிடையே ரத்தப் பரிசோதனையும் செய்கிறார்கள். இதையெல்லாம் அக்காவுக்கு யாராவது உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும். பெட்டியை வாங்கிக் கொடுத்த மகனும், அதைப் பரிந்துரைத்த நானும், அறை காலியா என்று பார்த்தோமே தவிர அவர் காலைப் பார்க்கவில்லை. மறப்பவருக்குப் பெட்டி உதவும், அம்மாவைப்போல் ஒரு தவறான விதியால் தடைப்படுபவருக்கும் உதவும். மருந்தைக் கண்டு பயப்படுபவர் வீட்டில் அது வெறும் காவல்காரனாகி, அவரை மறைக்கத் தூண்டிவிடும். மருந்தை மாற்றிய பிறகு அக்காவுக்குக் கால் வீங்கவில்லை. இப்போது பெட்டி இல்லாமலேயே உட்கொள்கிறார்.

தூத்தூர்ப் பகுதியிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் ஒருவருக்கும் இதைப் பற்றிச் சொன்னேன். அவர் என் தோழியின் அண்ணன். கொச்சியிலிருந்து புறப்பட்டால் திரும்ப ஒரு மாதத்துக்கு மேலாகும் தொழில் அது. வாரப் பெட்டி அவருக்குப் பயன்படாது. 28 அறை கொண்ட மாதப் பெட்டியை முயன்று பார்த்தார். விசைப்படகின் ஆட்டத்தில் மூடிகள் திறந்து, உப்புக்காற்றில் மாத்திரைகள் கெட்டன. இறுக மூடும் ஒரு டப்பாவில் அட்டைகளை அட்டையாகவே வைத்து, ஒவ்வொரு மாத்திரைக்குப் பக்கத்திலும் பேனாவால் தேதி எழுதிக்கொள்வதுதான் அவருக்கு ஒத்துவந்தது. அவர் உட்கொள்ளும் பிரஷர் மாத்திரைகளில் அட்டினலால் ஒன்று. அதைத் திடீரென நிறுத்தினால் இதயத்துடிப்பும் அழுத்தமும் துள்ளி ஏறும். இதயநோய் உள்ளவருக்கு நெஞ்சுவலிகூட வரலாம். கடலில் நாள் கூடிப்போனாலும் தீர்ந்துவிடாதபடி, கணக்குக்கு மேல் 15 நாள் மாத்திரை கொண்டுபோகிறார்.

பெட்டியால் எங்களுக்குக் கிடைத்த இன்னொரு நிம்மதி, ‘தின்னேனா, இல்லையா’ என்ற சந்தேகத்தில் இரண்டாவது முறை விழுங்கும் ஆபத்து நின்றதுதான். அறை காலியென்றால் உட்கொண்டாயிற்று. தவறிய நாளின் மாத்திரையைச் சேர்த்து மறுநாள் இரட்டிப்பாக உட்கொள்ளக் கூடாது என்பதையும் அம்மா இப்போது நன்றாக அறிவார். அந்த அறையைத் தொடாமல் எனக்காக வைத்திருப்பார்.

சில மாதங்களுக்கு முன் மருத்துவர் டெல்மிசார்ட்டானும் அம்லோடிபினும் ஒன்றாகச் சேர்ந்த ஒரே மாத்திரைக்கு மாற்றிக் கொடுத்தார். இப்படிப்பட்ட கூட்டு மாத்திரைகளை உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. மாத்திரை எண்ணிக்கை குறைந்தால் தவறுவதும் குறையும் என்பதை எங்கள் வீட்டிலேயே காண்கிறோம். எல்லாம் ஒரே வேளைக்கு வந்துவிட்டவர்களுக்கு 14 அறை தேவையில்லை. 7 அறைப் பெட்டி பாதி விலைக்குக் கிடைக்கும், பையில் வைக்கவும் வசதி. மாத்திரையை யார் நிரப்புவது, வாரத்தில் ஒரு நாள் யார் திறந்து பார்ப்பது என்று வீட்டில் முடிவு செய்யாமல் இரண்டையுமே வாங்க வேண்டாம். எங்கள் கணக்கில் இந்தப் பெட்டிக்கு ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண். ஈரம் புகாத மூடியும் தமிழ் எழுத்தும் வந்தால் நாலரை கொடுப்பேன்.

புதன்கிழமையின் கீல் உடைந்த வாரமே இன்னொன்று வாங்கினோம், இம்முறை 7 அறை. அதற்கு ஒட்டுவதற்கு நான் தாள் எடுத்து வருவதற்குள், அம்மா சென்ற ஆண்டு காலண்டரிலிருந்து கிழமைகளின் பெயரைக் கத்தரித்து, ஞாயிற்றிலிருந்து வரிசையாக ஒட்டி முடித்திருந்தார்.